பாலஸ்தீன ராப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீல்ஸிலும் யூடியூபிலும் அரபி ராப் துண்டுகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. கேட்கப் பிடிக்கிறது, ஆனால் பாடுவது யார், எங்கிருந்து, எதைப் பற்றி என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

பாலஸ்தீன ராப் என்றால் காசாவில் பாடுவதா?

காசாவிலும் பாடுகிறார்கள். ஆனால் தொடங்கியது அங்கே இல்லை.

பாலஸ்தீனர்கள் இன்று வெவ்வேறு அடையாளக் காகிதங்களோடு வாழ்கிறார்கள். இஸ்ரேலுக்குள்ளேயே குடியுரிமையோடு இருப்பவர்கள் ஒரு சாரார். அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அரபியர். கிழக்கு ஜெருசலேமில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடையாது, வசிப்புரிமை மட்டும் உண்டு. மேற்குக் கரையில் இருப்பவர்கள் ஆக்கிரமிப்பின் கீழ், சோதனைச்சாவடிகளுக்கு நடுவே இருக்கிறார்கள். காசாவில் இருப்பவர்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அகதி முகாம்களிலும் ஜோர்டான், லண்டன், அமெரிக்கா என்றும் சிதறியவர்கள் தனி.

எந்த அட்டை கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒருவர் எந்தச் சாலையில் போகலாம், கல்யாணம் ஆனபின் எங்கே குடியிருக்கலாம், எந்த மேடையில் ஏறலாம் என்பதெல்லாம் முடிவாகிறது. பாட்டும் அதற்கேற்ப மாறுகிறது. எல்லாவற்றையும் ‘எதிர்ப்புப் பாடல்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் ஒன்றும் பிடிபடாது. எந்த ஊரிலிருந்து, எந்த மொழியில், யார் காதுக்குப் பாடுகிறார்கள் என்று பார்த்தால் பாதிப் பாட்டு அங்கேயே விளங்கிவிடும்.

அப்படியானால் முதலில் பாடியது யார்?

டாம் என்ற குழுவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தாமர் நஃபார், அவர் தம்பி சுஹெல் நஃபார், நண்பர் மஹ்மூத் ஜிரெய்ரி என மூன்று பேர். ஊர் லோத், அரபியில் லித். டெல் அவிவ் நகரத்துக்குப் பக்கம், பென் குரியன் விமான நிலையத்தை ஒட்டிய ஊர். தாமர் 1979-இல் பிறந்தவர். அமெரிக்க ராப்பர் டூபாக் ஷகூரின் பாட்டு வரிகளை அகராதி வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துப் பார்த்துத்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். 1998-இல் வந்த அவருடைய முதல் வெளியீடே போதைப்பொருள் விற்காதே என்று தன் ஊர்ப் பையன்களிடம் சொல்வது. அரசியல் மேடை எதுவும் அப்போது இல்லை.

லோத் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் பாட்டு இன்னும் புரியும். இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில், 1948 ஜூலையில், லோத், பக்கத்து ராம்லா இரண்டு ஊர்களிலிருந்தும் சேர்த்து 50,000-க்கும் மேற்பட்ட அரபியர் வெளியேற்றப்பட்டார்கள். எஞ்சியவர்களின் பிள்ளைகளும், வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்த அரபுக் குடும்பங்களும் இன்று நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வீடு கட்ட அனுமதி கிடைப்பது அரிது. அனுமதியில்லாமல் கட்டினால் ஒருநாள் புல்டோசர் வரும். நிர் ஸ்வி என்ற யூத விவசாயக் குடியிருப்புக்கும் பர்தேஸ் ஸ்னிர் என்ற அரபுப் பகுதிக்கும் நடுவே பெரிய மதில் எழுப்பியிருக்கிறார்கள். 1990-களில் போதை வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். 2021 மே மாதக் கலவரத்தில் இங்கே ஓர் அரபியரும் ஒரு யூதரும் உயிரிழந்தார்கள். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் போலீஸ், போதை, ஒதுக்கப்பட்ட தெரு என்று பாடியதைக் கேட்டபோது இந்தப் பையன்களுக்கு அது வெளிநாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

‘மீன் இர்ஹாபி’ பாட்டு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

‘யார் பயங்கரவாதி?’ என்பது அதன் பொருள். டாம் 2001-இல் வெளியிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், இரண்டாம் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி தொடங்கிய வேகத்தில், இஸ்ரேலுக்குள் இருந்த அரபு ஊர்களிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் இஸ்ரேலியக் குடிமக்கள். நாம் குடிமக்கள், நம் கதை வேறு என்று நினைத்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு அது பெரிய அடி. அதுவரை ஆங்கிலத்திலும் ஹீப்ரூவிலும் அதிகம் பாடிக்கொண்டிருந்த டாம், இந்தப் பாட்டை அரபியில் கொண்டுவந்தது. வானொலி எதுவும் போடவில்லை. இணையத்தில் ஏற்றினார்கள், பத்து லட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டதாகச் சொல்வார்கள். யூடியூப் வருவதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பு இது.

பாட்டு எளிமையானது. நீ என் வீட்டில் இருந்துகொண்டு என்னைப் பயங்கரவாதி என்கிறாயே என்ற ஒரே கேள்வி, திரும்பத் திரும்ப. எனக்கு டாமின் சிறந்த பாட்டு இது என்று தோன்றியதில்லை. ஆனால் மற்ற எல்லாப் பாட்டுக்கும் கதவு திறந்தது இதுதான்.

ஹீப்ரூவில் ஏன் பாட வேண்டும்? அது எதிராளியின் மொழி ஆயிற்றே?

லோத்தில் வளர்ந்த பையனுக்கு ஹீப்ரூ கடைத்தெரு மொழி, ஆஸ்பத்திரி மொழி, நீதிமன்ற மொழி. அரபியைப் போலவே சரளமாக வரும். அதில் திட்டவும் தெரியும், சிரிக்கவைக்கவும் தெரியும்.

அதைவிட முக்கியமான காரணம், வீட்டை இடிக்க உத்தரவு போடும் அதிகாரிக்கு அரபி தெரியாது. லோத்தின் அரபுப் பகுதிகளைப் பற்றி டாம் ஹீப்ரூவில் ஒரு பாட்டுப் போட்டது. ‘இங்கேதான் பிறந்தேன்’ என்பது தலைப்பு. இஸ்ரேலிய யூதர்கள் கேட்க வேண்டும் என்றே செய்தது. அதே சமயம் அரபு நாட்டுக் கேட்பவர்களில் சிலருக்கு அந்த மொழியே உறுத்தியது. ஆங்கிலத்தில் பாடினால் பெர்லினிலும் நியூயார்க்கிலும் கைதட்டல் கிடைக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒன்றும் புரியாது. மூன்று மொழியும் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. ஒரு காதைத் திறந்தால் இன்னொரு காது மூடிக்கொள்கிறது.

ராப் அமெரிக்கச் சரக்குதானே? அரபு மரபோடு இதற்கு என்ன ஒட்டு?

பீட் அமெரிக்கா. வாய் உள்ளூர்.

பாலஸ்தீனக் கிராமத்துக் கல்யாணத்தில், முதல்நாள் இரவு, இரண்டு பாட்டுக்காரர்கள் எதிரெதிரே நின்று அங்கேயே வரி கட்டி மோதிக்கொள்வார்கள். ஸஜல் என்று பெயர். கிராமமா நகரமா, கறுப்பா சிவப்பா என்று எதையாவது எடுத்துக்கொண்டு வாதாடுவார்கள். ஆண்கள் வரிசையாக நின்று கைதட்டித் தாளம் போடுவார்கள். எதிராளியை வரியால் மடக்குவதுதான் திறமை. ராப் சண்டை என்று இன்று சொல்வதைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் பெரிதாக வியக்காததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு மரபு கவிதை. 1948 முதல் 1966 வரை இஸ்ரேலுக்குள் இருந்த அரபியர் ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தார்கள். பக்கத்து ஊருக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தக் காலத்தில் கிராமங்களில் கவிதைக் கூட்டங்கள் நடந்தன, கவிஞர்களை வீட்டுக்காவலில் வைத்தார்கள். மஹ்மூத் தர்வீஷ் அப்படிப் பலமுறை சிறைக்கும் வீட்டுக்காவலுக்கும் போனவர். 1964-இல் அவர் எழுதிய ‘அடையாள அட்டை’ கவிதை, படிவத்தை நிரப்பும் அதிகாரியைப் பார்த்து ‘எழுதிக்கொள், நான் அரபி’ என்று தொடங்கும். சத்தமாகப் படித்துப் பாருங்கள், பீட் இல்லாத ராப் அது.

2016-இல் இஸ்ரேலின் ஓஃபிர் திரைப்பட விருது விழாவில் தாமர் நஃபார் மேடையில் அந்தக் கவிதையை எடுத்தபோது, அப்போதைய கலாச்சார அமைச்சர் மீரி ரெகெவ் எழுந்து வெளியே போனார். எழுதி அரை நூற்றாண்டு ஆன கவிதை! அதே ஆண்டு தாமர் கதாநாயகனாக நடித்த ‘ஜங்ஷன் 48’ படம் பெர்லின் விழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருது வாங்கியிருந்தது. லோத்தில் ராப் பாடும் ஒருவனின் கதை அது. வீடு இடிப்பும் அதில் வருகிறது.

காசாவில் ராப் எப்படி நடக்கிறது?

கஷ்டப்பட்டுத்தான். 41 கிலோமீட்டர் நீளம், 365 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2007-இலிருந்து முற்றுகை. 2023 போருக்கு முன்பே பல வருடங்கள் நாளில் சில மணி நேரம்தான் மின்சாரம். கரண்ட் வரும்போது பதிவு செய்துகொள்ள வேண்டும். மேடைகளும் குறைவு. சயீத் அல்-மிஷால் பண்பாட்டு மையம் என்று நாடகமும் இசையும் நடந்த ஒரு கட்டடம் காசா நகரில் இருந்தது. 2018 ஆகஸ்டில் இஸ்ரேலிய விமானத் தாக்குதலில் தரைமட்டமானது.

அங்கே முதலில் பெயர் வாங்கிய குழு பாலஸ்தீனியன் ராப்பர்ஸ், சுருக்கமாக பி.ஆர். அமெரிக்காவில் வாழும் இயக்குநர் ஜாக்கி ரீம் சல்லூம் எடுத்த ‘ஸ்லிங்ஷாட் ஹிப் ஹாப்’ ஆவணப்படத்தில் இவர்கள் வருகிறார்கள். 2008 சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட படம். லோத், வட இஸ்ரேலின் கடற்கரை நகரமான அக்கா, காசா என்று பிரிந்து கிடக்கும் பாடகர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வளர்கிறார்கள். ஆனால் சோதனைச்சாவடியும் அனுமதிச் சீட்டும் அவர்களை ஒரே மேடையில் சேரவிடவில்லை. லோத்திலிருந்து காசா நகரம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

இஸ்ரேல் ஒரு பக்கம் என்றால், காசாவை உள்ளிருந்து ஆண்ட ஹமாஸ் இயக்கம் இன்னொரு பக்கம். 2010-இல் அனுமதி இல்லை என்று சொல்லி ஹமாஸ் போலீஸ் ஒரு ஹிப்-ஹாப் நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தியது. மேற்கத்தியச் சீரழிவு என்று முகம் சுளிக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே அவர்கள் கையில் போலீஸும் இருந்தது, அவ்வளவுதான்.

2020-இல் எம்.சி. அப்துல் என்ற 11, 12 வயதுப் பையன் பள்ளி வாசலில், கூட்டாளிகள் சூழ நின்று ஆங்கிலத்தில் பாடிய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. 2008-இல் பிறந்தவன். பிறந்ததிலிருந்து பார்த்த போர்களை எண்ணிச் சொல்லும் வயதில் அவனிடம் கைதேர்ந்த தாளக்கட்டு இருந்தது. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் தெரிந்தே செய்ததுதான். முற்றுகைக்குள் இருப்பவனுக்குக் கேட்பவர் எல்லாம் வெளியே.

ரமல்லா, ஜெருசலேம் பக்கம்?

இப்போது இளைஞர்கள் அதிகம் கேட்பது இந்தப் பக்கத்துப் பாட்டைத்தான்.

முன்னோடி, மேற்குக் கரை நகரமான ரமல்லாவின் ரமல்லா அண்டர்கிரவுண்ட். 2000-களில் இயங்கிய கூட்டணி. அவர்கள் இசைத்துண்டு ஒன்றை அமெரிக்காவின் புகழ்பெற்ற நரம்பிசைக் குழு குரோனோஸ் குவார்டெட் 2009-இல் தன் ‘ஃபிளட்பிளெயின்’ ஆல்பத்தில் வாசித்தது. அந்தக் கூட்டணியில் இருந்த முகாத்தாஆ பின்பு தனியாக, பழைய அரபி இசைத்தட்டுகளின் துண்டுகளை வெட்டி உடைத்து பீட் செய்யத் தொடங்கினார். பல பாட்டில் சொல்லே இருக்காது. அதுவும் அரசியல்தான்.

அடுத்து பி.எல்.டி.என்.எம். என்ற இசை வெளியீட்டு லேபிள். ஷப்ஜதீத் என்ற பாடகர், அல் நாதர் என்ற தயாரிப்பாளர், இவர்களைச் சுற்றி வளர்ந்தது. ஷப்ஜதீத் கஃப்ர் அகப் பகுதிக்காரர். அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சட்டப்படி ஜெருசலேம் மாநகராட்சிக்குள் வருகிறது, ஆனால் மேற்குக் கரையைப் பிரிக்க இஸ்ரேல் 2002-இலிருந்து கட்டிய பிரிவினைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மாநகராட்சி வரி உண்டு, குப்பை அள்ள ஆள் ஒழுங்காக வருவதில்லை. இஸ்ரேலிய போலீஸ் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை, பாலஸ்தீன போலீஸுக்கு அதிகாரமில்லை. ஆனாலும் ஜனங்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள். காரணம் ஜெருசலேம் வசிப்புரிமைக்கான நீல அட்டை. ஜெருசலேம் எல்லைக்குள் வசிக்கிறேன் என்று காட்டாவிட்டால் வசிப்புரிமை போய்விடும். மேற்குக் கரை அட்டை வைத்திருக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாழக்கூடிய சில இடங்களில் இது ஒன்று.

இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர் ‘விடுதலை’, ‘தாயகம்’ என்று பெரிய சொற்களைப் பாட்டில் போடுவதில்லை. கிண்டல், சலிப்பு, தெருப்பேச்சு, வீம்பு இவைதான் வருகின்றன. 2019-இல் வந்த அவருடைய ‘சிந்துபாத் அல்-வர்த்’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இதில் எங்கே அரசியல் என்று கேட்பவர்கள் உண்டு. கொடி தூக்கினால்தான் அரசியல் என்று நாம் பழகிவிட்டோம். எனக்கென்னவோ, இரண்டு வரிக்கு ஒருமுறை முஷ்டி உயர்த்தும் பாட்டைவிட இவருடைய சலிப்புதான் அந்த இடத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

2021 மே மாதத்தில் ஜெருசலேமின் ஷேக் ஜர்ராஹ் பகுதியில் பாலஸ்தீனக் குடும்பங்களை வீடுகளைக் காலி செய்யவைக்கும் முயற்சிக்கு எதிராகப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஜெருசலேம்காரரான தபூரும் ஷப்ஜதீதும் சேர்ந்து பாடிய ‘இன் அன்’ வெளியானது. சில நாட்களில் அந்தத் தலைமுறையின் கீதம் ஆகிவிட்டது. ஊர்வலத்திலும் கேட்டது, கார்களிலும் அலறியது.

பெண்கள் பாடுகிறார்களா?

ஆரம்பத்திலிருந்தே. அக்கா நகரத்து அரபெயாத் என்ற பெண்கள் குழுவின் சஃபா ஹத்தூத், டாமின் 2006 ஆல்பமான ‘இஹ்தா’வில் பெண் விடுதலை பற்றிய பாட்டில் சேர்ந்து பாடினார். லண்டனில் பிறந்த ஷாதியா மன்சூர், பாலஸ்தீனப் பூவேலை அங்கியோடு மேடையேறி, கஃபியா துண்டை ஃபேஷன் பொருளாக விற்பவர்களைச் சாடிப் பாடியவர். ஹைஃபாவின் மைஸா தாவ் பின்னாளில் டாம் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்.

இங்கே ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். 2012-இல் டாம், குடும்ப மானம் என்ற பெயரில் கொல்லப்படும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டது. பாடகி அமல் முர்குஸும் அதில் உண்டு. கொலையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும் கதை. அவள் புதைக்கப்படுகிறாள், அதற்கு முன் சுடப்படுகிறாள், அதற்கு முன் தப்பிக்கப் பார்க்கிறாள், அதற்கு முன் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். ஐ.நா. பெண்கள் அமைப்பின் ஆதரவோடு வந்த பாட்டு.

மானுடவியலாளர் லைலா அபூ-லுகோதும் ஆய்வாளர் மாயா மிக்தாஷியும் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அரசியலை இவ்வளவு கூர்மையாகப் பாடும் குழு, இந்தக் கொலைகளை மட்டும் காலமற்ற ‘மரபின்’ கொடுமையாகக் காட்டிவிட்டது. லோத்தின் வறுமை, போதைக் கும்பல், கண்டுகொள்ளாத போலீஸ் எல்லாம் எங்கே போயின. இது மேற்கத்தியர் விரும்பிக் கேட்கும் கதை ஆகிவிடாதா என்று கேட்டார்கள். டாம் சும்மா இருக்கவில்லை. தங்கள் தெருவில் நடப்பதைத் தாங்கள் கண்டிக்கிறோம், ஒவ்வொரு பாட்டிலும் ஆக்கிரமிப்பைச் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை என்ற தொனியில் பதில் எழுதினார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டு சாய்வது எனக்கு டாம் பக்கம்தான். நம் குறையை வெளியாள் முன் பேசாதே என்பது ஒடுக்கப்பட்ட எந்தச் சமூகத்திலும் முதலில் பெண்களின் வாயைத்தான் அடைக்கிறது. அதே நேரம், அந்தப் பாட்டு ஐ.நா. பணத்தில் இல்லாமல் லோத்தில் சொந்தமாக எடுக்கப்பட்டிருந்தால், ஒருவேளை அந்தப் போலீஸ் நிலையமும் உள்ளே வந்திருக்குமோ என்ற சந்தேகமும் போகவில்லை.

இஸ்ரேலிய யூதர்களும் ராப் பாடுகிறார்களே?

ஆமாம், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இளவயதில் தாமர் நஃபாரை மேடையேற்றி ஊக்குவித்தவர்களில் ஒருவர் சப்லிமினல் என்ற கோபி ஷிமோனி. இரண்டாம் இன்திஃபாதா வந்ததும் நட்பு முறிந்தது. சப்லிமினல் தாவீது நட்சத்திரச் சங்கிலி போட்டுக்கொண்டு தேசபக்தி ராப் பாடி நாட்டின் பெரிய நட்சத்திரம் ஆனார். அந்த முறிவைப் படிப்படியாகக் காட்டும் ‘சேனல்ஸ் ஆஃப் ரேஜ்’ என்ற 2003 ஆவணப்படம் உண்டு. இரண்டு பேரும் ஒரே அமெரிக்கப் பாடகர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

2023 நவம்பரில் நெஸ், ஸ்டில்லா இருவரும் வெளியிட்ட ‘ஹர்பு தர்பு’ இஸ்ரேலிய ராணுவத்தை உற்சாகப்படுத்தும் பாட்டு, டிரில் என்ற முரட்டு ராப் வகையில். ஹமாஸ் தலைவர்களோடு, பாலஸ்தீனர்களுக்கு ஆதரவாகப் பேசிய மாடல் பெல்லா ஹதீத், பாடகி டுவா லிபா பெயரையும் சேர்த்து எச்சரித்தது. இஸ்ரேலில் முதலிடம் பிடித்தது. ஆக, ராப் என்றாலே பலவீனமானவரின் ஆயுதம் என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதலாம்.

பாடியதற்காகச் சிறை உண்டா?

ராப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. ‘தூண்டிவிடுதல்’ என்ற பிரிவு போதும். நாசரேத் அருகே ரெய்னேயைச் சேர்ந்த கவிஞர் தாரீன் தாத்தூர், இணையத்தில் போட்ட ஒரு கவிதைக்காகவும் வேறு பதிவுகளுக்காகவும் 2015 அக்டோபரில் கைதானார். சிறை, பிறகு நீண்ட வீட்டுக்காவல், 2018-இல் ஐந்து மாதத் தண்டனை. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவிதை தொடர்பான தீர்ப்பை மட்டும் ரத்து செய்தது. 2023 அக்டோபரில் நாசரேத்துப் பாடகி தலால் அபூ ஆம்னே ஒரு சமூக ஊடகப் பதிவுக்காகக் கைதானார்.

மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன ஆட்சியகமும் இதில் சளைத்ததில்லை. 2020 டிசம்பரில் நபி மூசா என்ற இஸ்லாமியப் புனிதத் தலத்தில் டெக்னோ இசை நிகழ்ச்சி நடத்தியதற்காக டி.ஜே. சமா அப்துல்ஹாதியை எட்டு நாள் உள்ளே வைத்தது. அவரிடம் சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி இருந்தது.

இந்தப் பாட்டுகள் வன்முறையைத் தூண்டுகின்றனவா?

சில பாட்டில் துப்பாக்கி வாசம் அடிக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ‘இன் அன்’ போர்க்குரலில் பாடப்பட்ட பாட்டு. ‘மீன் இர்ஹாபி’யில் இஸ்ரேலை நாஜிகளோடு ஒப்பிடும் வரி இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கோபத்துக்குக் கைக்கெட்டிய மிகப் பெரிய கல்லை எடுத்து வீசும் வேலை அது. தற்கொலைத் தாக்குதலை ஒடுக்குமுறை பெற்ற பிள்ளையாகச் சொல்லும் படிமமும் அதில் உண்டு. காரணம் சொல்வதும் நியாயப்படுத்துவதும் ஒன்றா என்று இருபது வருடத்துக்கும் மேலாகத் தகராறு நடக்கிறது. பெரும்பாலான பாட்டுகளில் இருப்பது வரிசையில் நிற்பது, வேலை கிடைக்காதது, இடிந்த வீடு, கலைந்த காதல்.

ராப் பாடி எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

துனிசியாவில் எல் ஜெனரால் என்ற இளைஞர் 2010 நவம்பரில் அதிபரையே நேராக விளித்து ஒரு பாட்டை ஃபேஸ்புக்கில் போட்டார். 2011 ஜனவரி முதல் வாரத்தில் கைதானார், 14-ஆம் தேதி அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். பாட்டால்தான் ஓடினார் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் அந்தப் பாட்டு இருந்தது.

பாலஸ்தீனத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு சோதனைச்சாவடிகூடப் பாட்டால் அகலவில்லை. அகலும் என்று பாடியவர்களும் நினைக்கவில்லை. மாறியது வேறு. வெவ்வேறு அட்டை வைத்திருப்பவர்கள், நேரில் சந்திக்கவே முடியாதவர்கள், ஒரே பாட்டை ஒரே வாரத்தில் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். ‘இன் அன்’ லோத்திலும் ரமல்லாவிலும் அம்மான் நகரத்திலும் ஒன்றாக ஒலித்தது.

2023 அக்டோபருக்குப் பிறகு என்ன ஆயிற்று?

அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் நடந்த போரில் காசாவில் இறந்தவர்கள், அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்குப்படி, 2025-இல் 60,000-ஐத் தாண்டிவிட்டார்கள். இசைக் கருவி, ஸ்டூடியோ, மேடை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனது.

பாட்டின் கனம் வெளிநாட்டுக்கு நகர்ந்தது. எம்.சி. அப்துல் அமெரிக்காவிலிருந்து பாடுகிறார். அரபி, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றையும் கலந்து காதல் பாட்டு பாடிப் பிரபலமான செயின்ட் லெவன்ட், 2024-இல் ‘தெய்ரா’ என்று ஆல்பம் வெளியிட்டார். காசா கடற்கரையில் அவர் அப்பா கட்டிய ஓட்டலின் பெயர் அது. ஓட்டல் போரில் அழிந்துவிட்டது. அமெரிக்க ராப்பர் மெக்லமோர் ‘ஹிண்ட்ஸ் ஹால்’ பாடியதும் அதே ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தை ஒட்டி. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் அது அமெரிக்கர் அமெரிக்கரைப் பார்த்துப் பாடிய பாட்டு, பாலஸ்தீன ராப் கணக்கில் சேராது.

எனக்கு அரபி தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

‘ஸ்லிங்ஷாட் ஹிப் ஹாப்’ படத்திலிருந்து தொடங்குங்கள், முகங்கள் பழகிவிடும். பிறகு டாமின் ‘இஹ்தா’ ஆல்பம். அடுத்து ஒரே தாவாக ஷப்ஜதீத். நடுவில் இருக்கும் இடைவெளி அப்போது காதிலேயே தெரியும். ஒரு தலைமுறை விளக்கம் சொல்கிறது, அடுத்தது விளக்கம் சொல்ல மறுக்கிறது. முகாத்தாஆவை ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் வெறும் கரகரப்பாகத்தான் வரும்.

டாம் பாட்டு பலவற்றுக்கு ஆங்கில வசன வரிகளோடு வீடியோ கிடைக்கிறது. ஷப்ஜதீதுக்கு ரசிகர்கள் போட்ட மொழிபெயர்ப்புகள்தான் கதி. அவர் பேசுவது அச்சு அசல் ஜெருசலேம் தெருப்பேச்சு, கெய்ரோக்காரர்களே சில இடங்களில் விழிப்பார்கள். அதனால் ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடம் வந்தால், பெரும்பாலும் அங்கே ஒரு கெட்ட வார்த்தை இருக்கும்.